புரட்டாசிக் கீரைக்கு ஆவணியில் விதை

புரட்டாசித் திங்கள் பிறந்துவிட்டால் தேக்காச் சந்தையின் போக்கே மாறிவிடுகிறது. இறைச்சிக் கடைகளின் முன் கூட்டம் குறைகிறது. காய்கறிக் கடைகளின் முன் கூடுகிறது. சனிக்கிழமை காலையில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் வழிபட்டுத் திரும்புவோர், வாழையிலை, பூசணி, புடலை, அவரை, முருங்கை என்று பை நிறைய வாங்கிச் செல்கின்றனர். சற்றுத் தாமதித்து வருவோருக்குக் கீரைக் கட்டு கிடைப்பதில்லை, கிடைத்தாலும் வாடியிருக்கிறது.

இந்தக் கீரையை நம் வீட்டு வாசலிலேயே விளைவிக்க இயலாதா? இயலும். ஆனால் புரட்டாசியில் உண்ண வேண்டிய கீரைக்குப் புரட்டாசியில் விதை தேடினால் பயனில்லை. ஆவணியிலேயே விதைத்திருக்க வேண்டும். சமையலையும் சாகுபடியையும் ஒரே நாட்காட்டியில் இணைத்துப் பார்ப்பது எவ்வாறு என்பதையும், பால், நெய் ஆகியனவும் சேர்க்காத தாவர உணவை உடல்நலம் குன்றாமல் உண்பது எவ்வாறு என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மண்ணோடு வளர்ந்த மக்கள்

‘தேக்கா’ என்னும் சொல் மூங்கிற் புதரின் அடிவாரம் எனப் பொருள்படும் ஹொக்கியன் மொழிப் பெயரிலிருந்து வந்தது. அதே வட்டாரத்தை மலாய் மக்கள் ‘கண்டாங் கெர்பாவ்’, அதாவது எருமைத் தொழுவம் என்றனர். அங்கே சுண்ணாம்புச் சூளைகள் இருந்தமையால் நம் முன்னோர் அதனைச் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்று அழைத்தனர். மூங்கில், எருமை, சுண்ணாம்பு ஆகிய மூன்றும் இன்று அங்கில்லை. 1915இல் எழுந்த பழைய சந்தையும் இன்றில்லை. 1980களின் தொடக்கத்தில் பஃபலோ சாலையில் கட்டப்பட்ட புதிய கட்டடமே, 2000ஆம் ஆண்டு முதல் தேக்கா நிலையம் என்னும் பெயரில் விளங்குகிறது.

மண்ணில் கைவைத்து வளர்ந்தவர்கள் நம்மவர்கள். இரப்பர்த் தோட்டங்களில் லயத்து வீட்டின் பின்புறம் ஒரு பாத்திக் கீரையும், வேலியோரம் ஒரு முருங்கையும், கிணற்றடியில் நாலு வாழையும் இல்லாத குடும்பம் அரிது. மலேசிய அரசாங்கம் 1974இல் ‘பசுமைப் புத்தகத் திட்டம்’ வாயிலாக வீடுதோறும் காய்கறி பயிரிட ஊக்கமளித்தது. அதற்கும் முன்னர், 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி அருகியபோது, மரவள்ளியும் சர்க்கரைவள்ளியுமே பல்லாயிரம் உயிர்களைத் தாங்கின. அக்காலத்தை நினைவுகூரும் முதியோர் மரவள்ளிக் கிழங்கை இன்றும் ஒருவகைக் கலக்கத்தோடுதான் பார்க்கின்றனர்.

அன்றைய நிலை மீண்டும் வரும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. எனினும் சிங்கப்பூரர் உண்ணும் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது என்பதை மறத்தலாகாது. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றின் காரணமாக மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்தபோது, கடைகளின் அடுக்குகள் சில மணி நேரத்தில் வெறுமையானதை நாம் கண்டோம். உள்ளூர் விளைச்சலைப் பெருக்க 2019இல் வகுக்கப்பட்ட இலக்கு, 2025 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்டது. காய்கறி, காளான் முதலிய நார்ச்சத்து உணவில் 20 விழுக்காட்டையும், முட்டை, கடலுணவு ஆகிய புரத உணவில் 30 விழுக்காட்டையும் 2035க்குள் உள்நாட்டிலேயே விளைவிப்பது இன்றைய இலக்கு. அப்பெருஞ்செயல் பண்ணைகளுக்கு உரியது. நம் வாசல் தொட்டி நாட்டின் பசியைத் தீர்க்காது. ஆனால் ஒரு குடும்பத்தின் கீரைத் தேவையில் ஒரு பங்கைத் தீர்க்கும். விளைவிக்கும் அருமையை நம் பிள்ளைகளுக்கு உணர்த்தும்.

நமக்கும் பருவங்கள் உண்டு

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது தமிழகத்து உழவர் கண்ட உண்மை. அங்கே ஆடியில் விதைத்த பயிருக்குப் பின்மழை துணை நிற்கிறது. நில நடுக்கோட்டிற்கு ஏறத்தாழ 1.3 பாகை வடக்கே உள்ள சிங்கப்பூரில் அப்பழமொழியை அப்படியே கொள்ள முடியாது. இங்கே ஆண்டு முழுவதும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றே; பகற்பொழுதும் 12 மணி நேரமே. ஆதலால் இங்குப் பருவமே இல்லை என்று பலர் கருதுகின்றனர். இது தவறு.

முதலாவது, மழைப் பருவம். டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. அதன் முற்பகுதியில் அடைமழையும், பிப்ரவரியில் வறட்சியும் காணப்படும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். விடியலுக்கு முன் சுமத்திராப் பக்கமிருந்து திடீர்ச் சூறைக்காற்று பாய்வதும் இப்பருவத்தில்தான். இடைப்பட்ட மாதங்களில் காலையில் கடும் வெயிலும் பிற்பகலில் இடிமழையும் வழக்கம்.

இரண்டாவது, வெயிற் பருவம். அடுக்குமாடி வீட்டில் வாழ்வோர்க்கு இதுவே தலையாயது. மார்ச் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் பிற்பகுதி வரை நண்பகற் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது. எஞ்சிய மாதங்களில் தெற்கே நிற்கிறது. தமிழ்த் திங்களில் கூறினால், பங்குனி தொடங்கிப் புரட்டாசி தொடங்கும் வரை வடக்கு நோக்கிய தாழ்வாரத்தில் வெயில் விழும். புரட்டாசியிலிருந்து பங்குனி வரை தெற்கு நோக்கிய தாழ்வாரத்தில் விழும். கிழக்கும் மேற்கும் நோக்கிய வீடுகளுக்கு ஆண்டு முழுவதும் அரை நாள் வெயில் கிட்டும்.

இவ்வுண்மையை அறியாமல் இக்கட்டுரையாளர் பட்ட பாடு ஒன்றுண்டு. தெற்கு நோக்கிய தாழ்வாரத்தில் ஒரு ஜூன் மாதத்தில் வெண்டை விதைத்தார். செடிகள் கழுத்து நீண்டு வெளிறி வளர்ந்தன. ஒரு பூவும் பூக்கவில்லை. விதை கெட்டது என்றார். மண் கெட்டது என்றார். இரண்டு முறை உரமும் மாற்றினார். அக்டோபரில் வெயில் தானே வந்து தொட்டிகளின் மேல் விழுந்தது. புதிதாய் விதைத்த அதே பொட்டலத்து விதைகள் ஒன்றரை மாதத்தில் காய்த்தன. குறை விதையிலும் மண்ணிலும் இல்லை, திசையில் இருந்தது.

ஆகவே தோட்டம் தொடங்குமுன் ஒரு விடுமுறை நாளில் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை, தொட்டி வைக்கக் கருதிய இடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 4 மணி நேரம் கிடைத்தால் கீரை வகைகளை வளர்க்கலாம். 6 மணி நேரம் கிடைத்தால் வெண்டை, கத்தரி, மிளகாய், பயற்றங்காய் ஆகியன காய்க்கும். அதனினும் குறைந்தால் புதினா, வல்லாரை போன்றவற்றோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

பின்னோக்கி எண்ணும் கணக்கு

சமைக்க விரும்பும் நாளை முதலில் குறித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவதே வீட்டுத் தோட்டத்தின் கணக்கு. வெந்தயக் கீரைக்கு 20 முதல் 25 நாள். முளைக்கீரைக்கும் கங்கூங் கீரைக்கும் 25 முதல் 30 நாள். வெண்டைக்கும் பயற்றங்காய்க்கும் 45 முதல் 55 நாள். கத்தரிக்கு விதையிலிருந்து ஏறத்தாழ 90 நாள் தேவைப்படும்.

செப்டம்பர் 17ஆம் நாளையொட்டிப் பிறக்கும் புரட்டாசியை இலக்காகக் கொள்வோம். ஆனி முதல் வாரத்தில் கத்தரி விதை. ஆடி நடுவில் வெண்டையும் பயற்றங்காயும். ஆவணி முதல் நாளில் முளைக்கீரை. ஆவணி பத்தாம் நாளில் வெந்தயம். விதைகளை ஒரே நாளில் கொட்டிவிடாமல் வாரத்திற்கு ஒரு தொட்டியாக விதைத்தால் நான்கு சனிக்கிழமைக்கும் கீரை கிடைக்கும். இது வடக்கு, கிழக்கு, மேற்கு நோக்கிய வீட்டார்க்குரிய கணக்கு. தெற்கு நோக்கிய வீட்டார் தைப்பொங்கலையும் தைப்பூச விரதத்தையும் இலக்காகக் கொள்ளலாம். ஐப்பசியில் கத்தரியும், கார்த்திகைப் பிற்பாதியில் வெண்டையும், மார்கழியில் கீரையும் விதைத்தால் தையில் பறிக்கலாம். மார்கழி அடைமழையில் நாற்றுகள் அழுகக்கூடுமாதலின் அவற்றைக் கூரையடியில் வைத்தல் வேண்டும்.

மாசி வறட்சியில் காலையும் மாலையும் நீர் விடுக. சித்திரை, வைகாசியில் வெப்பத்தைத் தாங்கும் வெண்டை, பாகல், கொடிப்பசலை ஆகியவற்றை நம்புக. ஆனி, ஆடியில் சூறைக்காற்றுக்கு அஞ்சி உயரமான செடிகளைக் கட்டி வைத்திடுக. புகைமூட்டம் சூழும் நாள்களில் இலைகளைக் கழுவி விடுக. பறித்த பின்னரும் நன்றாக அலசுக. கொத்தமல்லி மட்டும் இங்கு விரைவில் பூத்துவிடும். அதனை இளந்தளிராகவே கிள்ளிவிடுவது நன்று.

தொட்டியும் மண்ணும்

கீரைக்கு 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள நீள் தொட்டி போதும். கத்தரிக்கும் வெண்டைக்கும் 30 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். தொட்டியின் அடியில் துளை இருத்தல் கட்டாயம். மண், மக்கிய உரம், தென்னைநார்த் தூள் ஆகிய மூன்றையும் சம அளவில் கலந்தால் வேர் எளிதில் ஓடும்; தொட்டியும் எடை குறைவாக இருக்கும்.

விதைக்கென்று பெருஞ்செலவு தேவையில்லை. அஞ்சறைப் பெட்டியிலுள்ள வெந்தயமே முளைக்கும். சந்தையில் வாங்கிய கங்கூங் கீரையின் அடித்தண்டையும், புதினாவின் முற்றிய தண்டையும், சர்க்கரைவள்ளிக் கொடியையும் ஊன்றினால் துளிர்க்கும். முளைக்கீரையை வேரோடு பிடுங்காமல் நான்கு விரற்கடை விட்டு நறுக்கினால் மீண்டும் ஒருமுறை தழைக்கும். அசுவினியும் மாவுப்பூச்சியும் கண்டால், ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்பு நீரும் கலந்து மாலை வேளையில் இலையின் அடிப்புறம் தெளிக்கலாம். அரிசி களைந்த நீரை அன்றன்றே ஊற்றிவிடுங்கள். சேர்த்து வைத்தால் நாறும். கடலைப் பிண்ணாக்கு நல்ல உரமாயினும், அடுத்த வீட்டார் மூக்கையும் நினைத்துப் பார்த்தல் நற்பண்பு.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, கொசு. 2020ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 35,000 பேருக்கு மேல் டெங்கிக் காய்ச்சல் கண்டது. ஏடிஸ் கொசு தெளிந்த நீரில் முட்டையிட்டு, ஏறத்தாழ ஒரு வாரத்தில் முழுக் கொசுவாகிறது. தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் இரண்டு கரண்டி நீரே அதற்குப் போதும். ஆகவே அடித்தட்டையே நீக்கிவிடுதல் சிறந்தது. இயலாவிடில் நாள்தோறும் கவிழ்த்துத் துடையுங்கள். இறுகிய மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள். அதன் மேலும் நீர் தேங்கும்.

இரண்டாவது, வழி. தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் அகலம் எப்போதும் தடையின்றி இருத்தல் வேண்டும் என்பது தீப் பாதுகாப்பு விதி. நள்ளிரவில் நோயாளியைத் தூக்குக் கட்டிலில் கொண்டுவருவோர்க்கு நம் கத்தரிச் செடி இடையூறாதல் கூடாது.

மூன்றாவது, உயரம். கைப்பிடிச் சுவரின் மேல் எக்காரணம் கொண்டும் தொட்டி வைக்காதீர்கள். பத்தாம் மாடியிலிருந்து விழும் தொட்டி உயிரைப் பறிக்கும். சிறுவர் உள்ள வீடுகளில், அவர்கள் ஏறி நிற்கத்தக்க தாங்கிகளைச் சுவரோரம் வைப்பதும் தவறு.

வீட்டில் இடமே இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய இயக்கத்தின் பயனாக இன்று 2,000க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் உள்ளன. பூங்காக்களில் 2.5 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்ட பாத்திகளும் வாடகைக்குக் கிடைக்கின்றன. முருங்கையும் கறிவேப்பிலையும் நன்கு வளர இத்தகைய திறந்த நிலமே ஏற்றது.

பாலும் நெய்யும் இன்றி

இங்கிலாந்தில் 1944இல் டானல்ட் வாட்சனும் அவர் நண்பர்களும் ஒரு சங்கம் அமைத்து, ‘வீகன்’ என்னும் சொல்லை உருவாக்கினர். இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றோடு பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்குவது அந்நெறி. தமிழில் இதனை ‘நனிசைவம்’ என்பர். பெயர் புதிது, உணவு நமக்குப் புதிதன்று. இட்டிலி, சாம்பார், இரசம், புளிக்குழம்பு, சுண்டல், துவையல் ஆகிய அனைத்தும், மேலே ஊற்றும் நெய்யை நிறுத்திவிட்டால் நனிசைவமே. மாற்ற வேண்டியவை சிலவே. நெய்க்கு மாறாக நல்லெண்ணெய், பாயசத்திற்குத் தேங்காய்ப்பால், மோர்க் குழம்பிற்கு மாறாகத் தேங்காயும் சிறிது புளியும். வெளியில் உண்போர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும்: கங்கூங் வறுவலிலும் சம்பாலிலும் இறால் சேர்ந்த பெலாச்சான் கலந்திருப்பது வழக்கம். கேட்டறிந்து உண்க.

தோட்டத்து விளைச்சலைக் கொண்டு எளிதில் ஆக்கத்தக்க மூன்று உணவுகளைக் காண்போம். அளவு நால்வர்க்குரியது.

முளைக்கீரைக் கூட்டு: அரைக் கிண்ணம் பாசிப்பருப்பை மஞ்சளோடு மலர வேகவைக்கவும். நறுக்கிய கீரை நான்கு பிடியைச் சேர்த்து, மூடாமல் ஐந்து நிமிடம் வேகவிடவும். இரண்டு மேசைக்கரண்டித் தேங்காய்த் துருவல், ஒரு தேக்கரண்டிச் சீரகம், ஒரு பச்சை மிளகாய் ஆகியவற்றை அரைத்துச் சேர்த்து, உப்பிட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கவும். கடுகு, உளுந்து, காய்ந்த மிளகாய் தாளித்து, இறுதியில் அரை எலுமிச்சம் பழத்தைப் பிழியவும்.

வள்ளிக்கொடித் தளிர்க் குழம்பு: சர்க்கரைவள்ளியின் இளந்தளிர்களையும், துண்டாக்கிய கிழங்கையும், சின்ன வெங்காயம், பூண்டு, எலுமிச்சைப்புல், மஞ்சள் ஆகியவற்றோடு வேகவைத்து, நீர்த்த தேங்காய்ப்பால் ஒரு கிண்ணம் ஊற்றிக் கொதிக்குமுன் இறக்கவும். மலாய் மக்கள் சமைக்கும் முறையிது. இறாலை மட்டும் நீக்கியிருக்கிறோம். தேங்காய்ப்பாலில் நிறைகொழுப்பு மிகுதியாதலால் வாரத்திற்கு ஒரு முறைக்கு மேல் வேண்டா.

வெண்டைக்காய் டெம்பே வதக்கல்: புளித்த சோயா மொச்சையாலான டெம்பேயைச் சிறு துண்டுகளாக்கிச் சிவக்க வறுத்தெடுக்கவும். அதே சட்டியில் வெண்டைக்காயை வழவழப்பு நீங்க வதக்கி, வறுத்த டெம்பே, உப்பு, மிளகாய்த் தூள், கறிவேப்பிலை சேர்த்துப் புரட்டவும். சோற்றிற்கும் சப்பாத்திக்கும் ஏற்றது, புரதம் மிக்கது.

மரவள்ளி பயிரிடுவோர் ஒன்றை நினைவிற் கொள்க. அதன் கிழங்கிலும் இலையிலும் நச்சுத்தன்மையுண்டு. தோலை முற்றும் நீக்கி, மூடாத பாத்திரத்தில் நன்றாக வேகவைத்து, அந்நீரை வடித்துவிடுதல் வேண்டும்.

உடல்நலக் கணக்கு

தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு புரதம் என்பது சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் அறிவுரை. நம்மவர் தட்டில் பெரும்பாலும் சோறே முக்காற்பங்கை நிறைத்துவிடுகிறது. இறைச்சியை நிறுத்தியவர்கள் அவ்விடத்தைச் சோற்றாலும் பொரித்த அப்பளத்தாலும் நிரப்புவராயின், விரதம் நீரிழிவுக்கே துணைபோகும். பருப்பு, கடலை, பயறு, சோயாக் கட்டி ஆகியவற்றுள் ஒன்றேனும் ஒவ்வொரு வேளையும் இருத்தல் வேண்டும். கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் நன்கு ஏற்க எலுமிச்சை, கொய்யா, தக்காளி ஆகியவற்றின் உயிர்ச்சத்து சி உதவுகிறது. உணவோடு தேநீர் அருந்துவது அதனைத் தடுக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து அருந்துங்கள்.

இனிக் கூறப்போவதை வாசகர்கள் சிறப்பாக மனத்திற் கொள்ள வேண்டும். உயிர்ச்சத்து பி12 எந்தக் கீரையிலும் எந்தப் பருப்பிலும் போதிய அளவில் இல்லை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2.4 மைக்ரோகிராம் தேவை. இறைச்சியை விலக்கியோர்க்குப் பாலும் தயிரும் ஓரளவு தந்துவந்த இச்சத்து, அவற்றையும் விலக்கியதும் நின்றுவிடுகிறது. உடலில் சேமிப்பு உண்டாதலால் குறை உடனே தெரியாது. சில ஆண்டுகள் கழித்தே தெரியும்.

இக்கட்டுரையாளரின் முதிய உறவினர் ஒருவர் தம் அறுபதாம் வயதில் பாலையும் துறந்தார். நீரிழிவுக்காக மெட்ஃபோர்மின் மாத்திரையும் உட்கொண்டு வந்தார். நான்காண்டுகளில் பாதங்கள் மரத்தன, மறதி மிகுந்தது. ‘முதுமை’ என்று தாமே முடிவு செய்துகொண்டார். மருத்துவர் இரத்தத்தைச் சோதித்தபோது பி12 மிகக் குறைவு என்று தெரியவந்தது. மெட்ஃபோர்மினும் அச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கக்கூடியது. ஊசி போட்ட பின் மறதி நீங்கியது. பாதத்தின் மரப்பு முழுவதும் நீங்கவில்லை. ஓராண்டு முன்னரே சோதித்திருந்தால் அதுவும் நீங்கியிருக்கலாம்.

ஆதலால் ஒரு மாத விரதம் இருப்போர் அஞ்ச வேண்டுவதில்லை. ஆண்டு முழுவதும் நனிசைவம் கொள்வோர், பி12 செறிவூட்டிய சோயாப்பால் முதலியவற்றையோ மாத்திரையையோ தவறாது உட்கொள்ள வேண்டும். கருவுற்ற தாய்மார், முதியோர், நீரிழிவு மருந்து உண்போர் ஆகியோர் மருத்துவரைக் கலந்தே தொடங்க வேண்டும். இதனால் கொள்கைக்கு இழுக்கு ஏதுமில்லை. மாத்திரையிலுள்ள பி12 நுண்ணுயிர்களைக் கொண்டே ஆக்கப்படுகிறது.

ஒரு தொட்டியில் தொடங்குக

ஆர்வ மிகுதியால் முதல் வாரத்திலேயே பத்துத் தொட்டி வாங்குவோர், மூன்றாம் மாதத்தில் பத்து வெறுந்தொட்டிகளுக்கு உரியவராகின்றனர். ஒரே ஒரு தொட்டியில் ஒரு பிடி வெந்தயத்தைத் தூவித் தொடங்குங்கள். பள்ளி செல்லும் பிள்ளையிடம் நீரூற்றும் பொறுப்பையும், நாளைக் குறிக்கும் பொறுப்பையும் ஒப்படையுங்கள். வீட்டிலுள்ள பாட்டியிடம் தோட்டத்தில் அவர் எப்படிப் பயிரிட்டார் என்று கேளுங்கள். நூல்களில் இல்லாத சில செய்திகள் அவரிடம் இருக்கும். இருபத்திரண்டாம் நாள் காலையில் பறித்த கீரை அன்று நண்பகல் சோற்றோடு இலையில் விழும்போது, தேக்காவில் காலை 6 மணிக்கே கடை விரிப்பவரின் உழைப்பும் நமக்குச் சற்று விளங்கும்.